மருத்துவரைத் தூங்க விடுங்கள்

யூனிட்டுக்குப் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் என்றால், காலை 8 மணிக்கு வார்டுக்குள் நுழையும் பட்டமேற்படிப்பு மருத்துவர் மறுநாள்தான் வெளியே வருகிறார். பகலில் புறநோயாளிகள், இரவெல்லாம் அவசரப் பிரிவு, விடிந்ததும் ரவுண்ட்ஸ், அதன் பிறகும் வேலை. 24 மணி நேரம் சாதாரணம். 36 மணி நேரமும் புதிதல்ல. இந்த முறைக்கு அரசு முடிவு கட்ட வேண்டும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்குச் சரிந்தது. 24 மணி நேர விழிப்பு சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். அதைவிட மூன்று மடங்கு மோசமான நிலையில் இருப்பவரிடம்தான் பச்சிளங்குழந்தைக்கான மருந்தளவைக் கணக்கிடச் சொல்கிறோம்.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. தூங்கினால்தான் அது குறையும். காஃபீன் அதன் ஏற்பிகளை அடைத்துக் களைப்பைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். பின்னிரவில் உடலின் உள்கடிகாரமும் உறக்கத்தின் பக்கம் இழுக்கிறது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடுவது அப்போதுதான்.

“நாங்களும் இப்படித்தான் படித்தோம், பழகிவிடும்” என்று மூத்த மருத்துவர்கள் சொல்வதுண்டு. அவர்களுடைய உழைப்பை மதிக்கிறோம். ஆனால் தூக்கமின்மைக்கு மூளை பழகுவதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை தூங்காதவர்களின் அளவுக்குத் தாழ்ந்தது. அவர்களோ தங்களுக்குக் கொஞ்சம்தான் களைப்பு என்று நம்பினார்கள். பழகியதாகத் தோன்றுவதே இந்தக் கேட்டின் அறிகுறி. தனக்கு நேரும் தளர்ச்சியை உணர முடியாதவரின் மன உறுதியை நம்பி நோயாளியின் உயிரை விட முடியாது.

பாஸ்டன் நகரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பழைய முறையில் கடுமையான பிழைகள் 36 சதவீதம் அதிகம் என்று 2004இல் தெரிய வந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் பணி செய்துவிட்டு வண்டியில் வீடு திரும்புகையில் விபத்து வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு காட்டியது.

பணிநேரத்தை மட்டும் வெட்டினால் போதாது என்பதும் உண்மை. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நேரம் குறைந்தும் பிழைகள் கூடின. ஒவ்வொரு மருத்துவரும் பார்க்க வேண்டிய நோயாளிகள் அதிகமானதே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. ஆகவே ஆள் நியமனமும் நேர வரம்பும் சேர்ந்தே வர வேண்டும். காலிப் பணியிடங்களைப் பட்டமேற்படிப்பு மாணவர்களின் உறக்கத்தைக் கொண்டு நிரப்புவது நிர்வாகம் ஆகாது.

பேருந்து ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது. மருத்துவருக்கோ, தொடர்பணி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டு மத்திய அரசின் நெறிமுறை ஏட்டில் கிடக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை “நியாயமான பணிநேரம்” என்பதோடு நின்றுவிட்டது. ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேர வரம்பையும் அன்றாடம் 7 முதல் 8 மணி நேர உறக்கத்தையும் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையாவது சட்ட பலத்துடன் விதியாக வேண்டும்.

தமிழக அரசு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரவுப் பணி முடித்தவருக்கு மறுநாள் கட்டாய ஓய்வு என்று இன்றே ஆணையிடலாம். ஒவ்வொரு துறையின் பணிப்பட்டியலும் மாதந்தோறும் பொதுவெளியில் வரட்டும். வரம்பு மீறப்பட்டால் துறைத்தலைவரும் கல்லூரி முதல்வரும் எழுத்துமூலம் விளக்கம் தரட்டும்.