வெந்நீரும் விஷவாயுவும்

ஸ்நான அறைக்குள்ளேயே காஸ் வெந்நீர்க் கருவியை மாட்டி, குளிருக்கு அஞ்சி ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள் சிலர். இது யமனுக்குப் பாய் விரிப்பதாகும் என்பதே நமது அபிப்பிராயம். ஸிலிண்டர் வாயு கசிந்தால் மூக்கு எச்சரிக்கும். அதற்கென்றே அதில் துர்நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். காற்றுப் போதாமல் அது அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கோ வாசனையுமில்லை, நிறமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. தலை சுற்றுவதை உணர்ந்து எழுந்தாலும், தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் வலுவிராது.

கருவி வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். குழாய் வழியே வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். சுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால் உடனே அணைத்துவிட்டுத் தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள். வீட்டு எஜமானர் திருப்புளியுடன் வைத்தியத்தில் இறங்க வேண்டாம்! இடம் மாற்றச் செலவாகுமாம், ஆகட்டுமே. அதுவரையில் சமையலறை அடுப்பில் காய்ச்சிய வெந்நீர் போதும்.