உல்லாசப் பிரயாணியும் சந்தேக நபரும்

"விசா என்பது வெறும் கடிதவேலை. அதிலே சமுதாயப் பிரச்சினை எங்கே இருக்கிறது?" என்று சென்ற மாதம் ஆசிரியர் ஓய்வறையில் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், கூட்டங்களுக்குத் தவறாது வருபவர், மேடை ஏறினால் ஏகாதிபத்தியத்தை நார் நாராய்க் கிழிக்க வல்லவர். அன்று பதில் சொல்ல அவகாசமில்லை, மணி அடித்துவிட்டது. அப்பதிலை இங்கே எழுதுகிறேன்.

வடமராட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். 32 வருடங்கள் கீழ்வகுப்புகளில் ஏடு தொடக்கிவைத்தவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். அவளுக்கு அது முதற் பிரசவம். தாய் போய் ஐந்து மாதம் உடனிருந்து, குழந்தை குப்புறப் பிரளத் தொடங்கியதும் திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு. பிரித்தானியாவின் சட்டப்படி சாதாரண வருகையாளர் ஆறு மாதம் வரை தங்கலாம். ஆகவே அவர் கேட்டது சலுகையன்று. சட்டம் தானே எழுதிவைத்திருக்கும் ஒன்றைத்தான். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்.

என்னென்ன திரட்டினோம்! ஓய்வூதியப் பத்திரம், ஆறு மாத வங்கிக் கணக்கு, வீட்டு உறுதி, அதற்கு மதிப்பீட்டாளரின் அறிக்கை, கிராம சேவகரின் அத்தாட்சி, விவாகப் பதிவு, கணவரின் மரணச் சான்றிதழ், இவற்றுக்கெல்லாம் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதிகள், மகளின் சம்பளச் சீட்டு, மருமகனின் வீட்டு வாடகை ஒப்பந்தம். பின்னர் கைரேகை கொடுப்பதற்காக இரவு பஸ்ஸில் கொழும்புப் பயணம். ஆயிரக்கணக்கான மாணவருக்கு நற்சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்ட அந்தக் கையின் பத்து விரல்களையும் கண்ணாடிமேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வருமானம் சொற்பம், கோரும் காலம் நீண்டது, கணவர் இல்லை, பிள்ளை வெளிநாட்டில், எனவே வருகை முடிவில் நாடு திரும்புவார் என்று எமக்குத் திருப்தி ஏற்படவில்லை என்பது அதன் சாரம். கைம்பெண்ணாய் இருப்பதும் ஒரே பிள்ளையைப் பெற்றதும் குற்றச்சாட்டுகளாகிவிட்டன. ஆசிரியை அக்கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "தம்பி, நான் அங்கை நிண்டு என்ன செய்யிறது? என்ரை மாட்டை ஆர் பாக்கிறது?" என்றார். அவர் திரும்பி வருவதற்கான மெய்யான காரணம் அந்த மாடும், முற்றத்து மாமரமும், வெள்ளிக்கிழமைக் கோயிலுந்தான். அவற்றை எழுதுவதற்கு விண்ணப்பத்திலே இடமில்லை. வங்கி மிச்சத்துக்கு இடமுண்டு.

நண்பர் உடனே சொல்வார்: "தன் வாசலைக் காக்க எந்த நாட்டுக்கும் உரிமையுண்டு. நம்மவர்களும் போய்விட்டுத் திரும்பாமல் நின்றவர்கள்தானே!" நின்றவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாரோ ஒருவர் நின்றதற்காக இன்னொருவரைத் தண்டிப்பது எந்த நீதி? ஒருவர் குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை நிரபராதியாகவே கொள்ளப்படவேண்டும் என்று எமது 1978 ஆம் வருட அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்தக் கோட்பாட்டை உலகுக்குக் கற்பித்தவர் தாமே என்று ஆங்கிலேயரும் பெருமை பேசுவர். கள்வனுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு பாட்டிக்குக் கிடைப்பதில்லை. இனிமேல் நடக்கப்போகாத ஒன்று நடக்கமாட்டாது என்பதை அவரே கடதாசியால் நிரூபிக்க வேண்டும். அத்தகைய நிரூபணத்தை எந்தத் தர்க்கசாஸ்திரியால் செய்துகாட்ட முடியும்?

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1962 வரை இலங்கைப் பிரஜை ஒருவர் பொதுநலவாயப் பிரஜை என்ற முறையில் தடையின்றிப் பிரித்தானியாவுக்குள் நுழையலாம். தேயிலையும் இறப்பரும் போன கப்பல்களிலேயே மனிதரும் போய்வந்தனர். அவ்வருடத்துக் குடிவரவுச் சட்டம் அந்த வாசலைப் பாதி மூடியது. 1983 ஆடியில் இங்கு வீடுகள் எரிந்தன. தமிழர் உயிர் தப்பி ஓடினர். 1985 மே மாதத்திலே பிரித்தானிய அரசு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளுள் இந்த மரியாதையை முதன்முதலாகப் பெற்றது எமது நாடுதான். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் விமானம் ஏறாமல் தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். அதே வருடத்தில் தகுந்த கடிதங்களின்றிப் பிரயாணிகளை ஏற்றிவரும் கம்பனிகளுக்கு ஆளுக்கு 1000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. அன்றிலிருந்து விமானச்சீட்டைப் பார்க்கும் ஊழியரே எல்லைக் காவலரானார். எரிந்த வீட்டிலிருந்து ஓடியவனைத் தடுப்பதற்காகக் கட்டிய வேலி இன்று பேரப்பிள்ளை பார்க்கப் போகும் ஆசிரியையின் காலிலும் குத்துகிறது.

மறுப்பை எதிர்த்து முறையிடலாமே என்று கேட்கலாம். உறவினரைப் பார்க்கச் செல்வோருக்கு அந்த உரிமை முன்னர் இருந்தது. மறுத்த உத்தியோகத்தரின் தீர்ப்பைச் சுதந்திரமான ஒருவர் மீளப் பார்ப்பார். 2013 ஜூனில் அதையும் நீக்கிவிட்டார்கள். இனி, மனித உரிமை மீறல் என்று வாதாடலாம்; பெருஞ்செலவில் நீதிமன்ற மீளாய்வு கோரலாம்; அல்லது மீண்டும் பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். அந்தப் பணமும் ஏறிக்கொண்டே போகிறது. 2023 ஒக்ரோபரில் 115 பவுணாயிற்று. 2025 ஏப்ரலில் 127 பவுணாயிற்று. எமது காசில் இது ஏறக்குறைய 50,000 ரூபா. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2024 ஜூனில் தம் கட்டணத்தை 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்த்தின. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. பொருளைக் கொடுக்காமல் விலையை மட்டும் வாங்கிக்கொள்ளும் கடைக்காரனை எமது சந்தையில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

கணக்கிலே காசு காட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஊரிலே ஒரு புதிய வட்டித் தொழிலை வளர்த்திருக்கிறது. சில இலட்சங்களைச் சில மாதங்களுக்கு ஒருவர் கணக்கில் போட்டுவைத்து வட்டி அறவிடுவோர் உளர். திடீரென வந்த பணத்தைக் கண்டதும் உத்தியோகத்தருக்குச் சந்தேகம் இரட்டிக்கிறது. விண்ணப்பம் அதனாலேயே தோற்கிறது. வட்டி மட்டும் தோற்பதில்லை. தரகர்களோ இதற்குமேல் உபதேசமும் செய்வர். "பிள்ளைப்பெறு பார்க்கப் போறன் எண்டு எழுதாதேங்கோ, ஊர் சுத்திப் பார்க்க எண்டு போடுங்கோ" என்று ஆசிரியைக்கும் ஒருவர் புத்தி சொன்னார். உண்மை சொல்வதே ஆபத்து என்று 70 வயதை நெருங்கும் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்தப்படுகிறது. நம்மவர் பொய்க் கடிதம் கொடுக்கிறார்கள் என்று முறையிடும் கனவான்கள், அந்தப் பொய்யை விளைவிக்கும் நிலம் எது என்பதையும் ஒருமுறை பார்க்கட்டும்.

பணம் உள்ளவனிடம் இவ்வகைக் கேள்விகள் இல்லை. 2022 பெப்ரவரியில் மூடப்படும் வரை, 20 இலட்சம் பவுண் முதலீடு செய்பவருக்கென்று பிரித்தானியாவிலே தனி விசா இருந்தது. அவரிடம், "நீர் திரும்பிப் போவீரா?" என்று யாரும் கேட்கவில்லை, நிற்கும்படி வேண்டிக்கொண்டார்கள். வாசலைக் காப்பது உரிமை என்ற வாதம் இந்த இடத்திலே எங்கே போயிற்று?

இனி எமது வாசலைப் பார்ப்போம். இங்கு வரும் வெள்ளைக்காரர் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே கணினியில் அனுமதி பெற்று 30 நாளுக்கு வருகிறார்; விரும்பினால் ஆறு மாதம் வரை நீடித்துக்கொள்கிறார். மாடு உண்டா, மனைவி உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. 2022 இல் உக்ரேன் போர் தொடங்கியபின் இரண்டு வருடத்தில் ரஷ்யர் 288,000 பேருக்கு மேலும், உக்ரேனியர் ஏறக்குறைய 20,000 பேரும் இலங்கைக்கு வந்தனர். பலருக்குச் சுற்றுலா விசா மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. போரிலிருந்து தப்பியவர்மீது எமக்குக் கோபமில்லை. போருக்குத் தப்பி ஓடுவது என்னவென்று எம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் அவர்களுள் சிலர் தென்கரையில் உணவுச்சாலைகளும் வாடகைத் தொழில்களும் நடத்தி, ஊரவரின் பிழைப்பிலே கைவைத்தனர். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மாத்திரமான ஒரு கேளிக்கைக்கு விளம்பரமும் செய்யப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியபின்பே அது கைவிடப்பட்டது. அதே மாதத்தில் குடிவரவுத் திணைக்களம் இவர்களை நாடு திரும்பும்படி அறிவித்தபோது, அமைச்சரவையின் அனுமதியின்றி அத்தீர்மானம் எப்படி எடுக்கப்பட்டது என்று ஜனாதிபதி விசாரணைக்கு உத்தரவிட்டார். இவ்வளவு கனிவான ஜனாதிபதி ஒருவர், எமது ஆசிரியைக்காக லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2024 ஏப்ரலில் அரசு விசா வழங்கும் வேலையைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. 50 டொலராய் இருந்த செலவு ஏறக்குறைய 100 டொலராயிற்று. அதில் 25 டொலர் அளவு கம்பனிகளின் சேவைக் கட்டணம். பத்திரிகைகள் பொங்கின, சுற்றுலாத் துறையினர் கதறினர், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. ஆகஸ்டில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தடையை நடைமுறைப்படுத்தாத குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். நியாயமான போராட்டமே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டவரின் பையிலிருந்து 25 டொலர் அநியாயமாய்ப் போனதும் நாடே விழித்தது. எமது முதியவர்கள் தனியார் கருமபீடங்களிலே வருடக்கணக்காகச் சேவைக் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். குறுஞ்செய்திக்கு ஒரு காசு, தபாலுக்கு ஒரு காசு, நிழற்பிரதிக்கு ஒரு காசு. அதைப்பற்றி எந்தத் தலையங்கமும் எழுதப்படவில்லை.

மனிதனைக் கடதாசியால் அளக்கும் வித்தையை நாம் வெள்ளையரிடமிருந்து மட்டும் கற்றோம் என்றும் சொல்லிவிட முடியாது. சுதந்திரம் வந்த 1948 ஆம் வருடத்திலேயே எமது பாராளுமன்றம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. மலையகத் தொழிலாளியிடம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்திலே பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? கொழுந்து நிறுத்த தராசு அவனை அறியும், கச்சேரி அறியாது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 ஆம் வருட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கென்று கணக்குப் போட்டுப் பிரிக்கப்பட்டனர். இலங்கைத் தமிழ்க் கனவான்களிற் சிலர் 1948 இல் அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தியதையும் மறவாதிருப்போம். இன்று அவர்களுடைய பேரர்கள் தூதரக வாசலிலே உறுதிக் கட்டுகளுடன் நிற்கிறார்கள்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ள மத்தியதர வர்க்கத்தின் கவலை" என்பார் இன்னொரு தோழர். இல்லை. சுற்றுலா விசா என்ற அதே துண்டு ஏழைப் பெண்ணின் கையில் என்னவாகிறது என்று பாருங்கள். 2022 இல், சுற்றுலா விசாவிலே ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே அடிமைகள்போல் விற்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. எமது தூதரக உத்தியோகத்தர் ஒருவரே கைதானார். வறுமையினால் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுப் போனவர்களை 'உல்லாசப் பிரயாணி' என்று முத்திரை குத்தி அனுப்பிய கொடுமையை என்ன சொல்வது! தொழிலாளியாய்ப் பதிந்தால் அரசுக்குப் பொறுப்பு வரும். பிரயாணியாய்ப் போனால் யாருக்கும் பொறுப்பில்லை. தரகருக்கும் கட்டுநாயக்காவில் கண்ணை மூடிக்கொண்டவருக்கும் அதுவே வசதி. டொலருடன் வருபவனுக்கு உல்லாசம், பாட்டிக்குச் சந்தேகம், ஏழைப் பெண்ணுக்கு விலங்கு. ஒரே துண்டின் மூன்று முகங்களும் இவைதான். இதைத்தான் வெறும் கடிதவேலை என்றார் நண்பர்.

ஆசிரியர் சங்கங்கள் சம்பளப் பிரச்சினையோடு நின்றுவிடாமல் இதையும் கையிலெடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுள் எத்தனை பேர் இவ்வாறு மறுக்கப்பட்டனர் என்று சங்கமே கணக்கெடுக்கட்டும். மறுத்த விண்ணப்பத்தின் கட்டணத்தைத் திருப்பித் தரும்படியும், முறையீட்டு உரிமையை மீண்டும் வழங்கும்படியும் எமது வெளிநாட்டமைச்சு வாய் திறந்து கேட்கட்டும். உல்லாசப் பிரயாணிகளை அனுப்பும்படி அந்நாடுகளிலே சந்தை விரித்துக் கூவுகிற அரசுக்கு, தன் மக்களுக்காக இரண்டு வார்த்தை பேச நா எழாதா?

குழந்தை பிறந்துவிட்டது, பெண்பிள்ளை. ஆசிரியை தொலைபேசித் திரையிலே தாலாட்டுப் பாடுகிறார். இடையிலே இணைப்பு அறுந்துவிடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் விண்ணப்பம் நிரப்பத் தொடங்கினோம். ஐந்து மாதம் என்பதை ஆறு வாரமாகக் குறைத்துக்கொண்டார். அதிலே, இதற்கு முன் எந்த நாடாவது உமக்கு விசா மறுத்ததுண்டா என்று ஒரு கேள்வி. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓம் எண்டு போடு தம்பி" என்றார்.