உழைப்பாளியின் படத்துக்கு உழைப்பாளியே அரண்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்ததும் கார்கள் நிற்கின்றன. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரி, கூடை சுமந்து, காலில் புண்ணும் கண்ணில் எரிச்சலுமாக வீடு திரும்பும் தொழிலாளர்கள் அந்தப் படங்களில் இல்லை. மழைக்காலத்தில் பாத்தியில் வேலை இல்லை. அப்போது அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எந்தக் காமிராவும் கேட்பதில்லை.

உழைப்பவர் வீட்டு அடுப்பைப் பற்றிக் கேட்ட காமிரா ஒன்று தமிழகத்தில் இருந்தது. அது நிமாய் கோஷின் காமிரா.

வங்கத்தில் 1950இல் அவர் எடுத்த ‘சின்னமூல்’, பிரிவினையால் வேரறுந்த கிழக்கு வங்க விவசாயிகளின் கதை. நிஜ அகதிகளே அதில் தோன்றினார்கள். இந்தியா வந்த சோவியத் டைரக்டர் புதோவ்கின் அதைப் பார்த்துப் பாராட்டினார். படம் சோவியத் நாட்டிலும் திரையிடப்பட்டது. அப்படிப்பட்ட கலைஞர் பின்னர் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வேலை செய்தார்.

1960இல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கினார். இசை எம்.பி. சீனிவாசன், பாடல் எழுதியவர்களில் ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் உண்டு. தொழிலாளர் வாழ்வும் போராட்டமுமே கதை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. 1988இல் மறையும் வரை அவர் இயக்கிய படங்கள் மிகச் சிலவே. ஆனால் சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டும் பணியில் எம்.பி. சீனிவாசனோடு முன்னின்றார்.

இதே காலத்தில் பிரேசிலில் நெல்சன் பெரேரா தோஸ் சாந்தோஸ், குடிசைவாழ் மக்களை வைத்து 1955இல் ‘ரியோ, 40 டிகிரி’ எடுத்தார். போலீஸ் தடை விதித்தது. எழுத்தாளர்களும் பத்திரிகைகளும் எதிர்த்து எழுந்தார்கள், தடை தகர்ந்தது. 1963இல் பஞ்சத்தில் அலையும் ஏழைக் குடும்பத்தின் கதையான ‘வறண்ட வாழ்வு’ படத்தை எடுத்தார். 2018இல் மறைந்தபோது பிரேசில் புதிய சினிமாவின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றியது.

இரண்டு கலைஞர்கள், ஒரே நோக்கு. ஆனால் முடிவு ஏன் வேறானது? அங்கே தடையை எதிர்த்து ஒரு படை திரண்டது. இங்கே தடை தேவைப்படவே இல்லை. கொட்டகையும் விநியோகமும் பண முதலைகளின் கையில் இருந்தால், நல்ல படம் சத்தமின்றிச் சாகும். அதை எதிர்த்து யாரும் ஊர்வலம் போவதில்லை!

எனவே நாம் சொல்கிறோம்: நிமாய் கோஷின் படங்களைப் பாதுகாத்து மக்களிடம் கொண்டுசெல்வது அரசின் கடமை. அவற்றை மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் திரை கட்டிக் காட்டுவது தொழிற்சங்கங்களின், வாலிபர் சங்கங்களின் கடமை. இன்று கைபேசியே காமிரா. உப்பளத் தொழிலாளியின் பிள்ளை தன் தாயின் உழைப்பைப் படமாக்க முடியும். அந்தப் படம் வரும்போது அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டுவோம். படத்தை எடுப்பது பாதி வேலை; அதைக் காப்பது மீதி வேலை. அந்த மீதி நம்முடையது.