பின்னாடி யாரு பாஸ் உட்காருவா?

உங்க கேங்குலயும் ஒரு 'மாடிஃபிகேஷன் மன்னன்' இருப்பானே? எங்க கேங்குலயும் ஒருத்தன் இருக்கான். அப்பாவோட பழைய புல்லட்டை வாங்கி, பின் மட்கார்டை வெட்டி, ஸ்பிரிங் வெச்ச ஒத்தை சீட்டு போட்டு 'பாபர்' ஆக்கிட்டான். கேம்பஸுக்குள்ள வண்டி நுழைஞ்சா ஆயிரம் கண்ணு அதுமேலதான்!

போன மாசம் ஃபீஸ் கட்ட ஊர்லேர்ந்து அவன் அம்மா வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. "உங்கப்பா இருந்தவரைக்கும் இதுல பின்னாடிதான்டா உட்காந்து போவேன். இப்ப எனக்கு இடமே இல்லையா?" சிரிச்சுக்கிட்டுதான் கேட்டாங்க. அம்மா ஆட்டோவுல முன்னாடி போக, பின்னாடியே புல்லட்டுல இவன். அன்னிக்கு நைட் பயபுள்ள சாப்பிடவே இல்லை!

மறுநாளே பட்டறைக்கு ஓடினான். "மட்கார்டு மேல ஒரு சீட்டை வெல்டு வெச்சுடலாம் தம்பி, அரை மணி நேர வேலை"ன்னு சொல்லியிருக்காங்க. அங்கதான் அடியேன் மெக்கானிக்கல் மூளையோட குறுக்கே விழுந்தேன்.

செகண்ட் இயர்ல தூங்கி வழிஞ்சோமே, கான்டிலீவர் பீம், ஞாபகம் இருக்கா? ஒரு முனை கெட்டியா, மறுமுனை அந்தரத்துல. மட்கார்டுல ஒட்டின சீட்டும் அதேதான். 60 கிலோ ஆள்னா சுமார் 600 நியூட்டன். கடைசி போல்ட்லேர்ந்து 30 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தா 180 நியூட்டன் மீட்டர் பெண்டிங் மொமென்ட். வண்டி பள்ளத்துல இறங்கி ஏறினா அது இன்னும் எகிறும். மட்கார்டு சேறு தடுக்கிற தகரம் பாஸ், ஆளைத் தாங்குற ஃப்ரேம் இல்லை! முதல் நாளே உடையாது. தினம் தினம் குலுங்கி, வெல்டு ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல் விடும். என்னிக்கோ ஒருநாள் 'டப்'!

அதனால சீட்டோட வெயிட் ஃப்ரேமுக்குப் போகணும். ஃபுட்ரெஸ்ட்டும் ஃப்ரேம்லதான் இருக்கணும்; ஸ்விங் ஆர்ம்ல மாட்டினா சக்கரம் குதிக்கிறப்ப காலும் சேர்ந்து குதிக்கும். ஷாக் அப்சார்பர் முழுசா அமுங்கினாலும் டயர் மட்கார்டுல உரசக் கூடாது. ஆள் ஏறினா பின் டயருக்கு மேனுவல்ல சொன்ன அளவு காத்து வேணும்.

சட்டமும் கறாரா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 128: பின்னால் உட்காருபவருக்கு வண்டியோட உறுதியாப் பொருத்தின முறையான சீட் வேணும். 1989-ம் வருஷ மத்திய விதிகள்ல 123-வது விதி: கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காம பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு. அதான் நம்ம சாரி கார்டு! கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பையே மாத்தக் கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. ஆக, ஃப்ரேமை அறுக்கப் போறவங்க கொஞ்சம் ரம்பத்தைக் கீழே வைங்க.

நல்லவேளை, நம்மாளு ஃப்ரேம்ல கை வைக்கலை. மட்கார்டு மட்டும் புதுசு வாங்கணும். பழைய சீட்டு, ஃபுட்ரெஸ்ட், சாரி கார்டுக்கு எங்கே போறதுன்னு அம்மாவுக்கு போன் போட்டான்.

"பரண்ல சாக்குல கட்டி வெச்சிருக்கேன்டா. என்னிக்காவது கேப்பேன்னு தெரியும்!"

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஸ்பேனரும் கையுமா உட்கார்ந்து மாட்டினோம். முதல்ல நான்தான் பின்னாடி ஏறினேன், டெஸ்ட் லோடு 72 கிலோ! ஸ்பீடு பிரேக்கர் அத்தனையும் ஏறி இறங்கி, மறுபடி ஒவ்வொரு போல்ட்டா டைட் வெச்சோம். அடுத்த வாரம் அம்மா வந்தாங்க. தலையில புது ஹெல்மெட். மகன் தோள்ல ஒரு கை. "மெதுவாப் போடா..."

வண்டி இப்ப பழைய கெத்துல இல்லைதான். இப்பல்லாம் யாரும் திரும்பிப் பார்க்கறதில்லைன்னு அவனே சொல்றான். சொல்றப்ப முகத்துல ஒரு வருத்தமும் இல்லை பாஸ்!

உங்க வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி... பின்னாடி யாரு உட்காருவா?