புளியறைச் சாவடியைக் கடக்கும் கிருமி

ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கும் லாரிகளைப் புளியறைச் சாவடியில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். குழந்தையின் மூக்கிலும் குடலிலும் குடியிருக்கும் கிருமியை எந்தச் சாவடி நிறுத்தும்?

அங்கன்வாடியில் ஓடியாடும் குழந்தைக்கு நோய் ஏதுமில்லை. ஆயினும் மருந்துக்கு அடங்காத கிருமியை அது சுமந்திருக்கக் கூடும். ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஜலதோஷம் போகாது. உடலில் அடங்கும் கிருமிகள் மாள, அடங்காதவை பெருகும். கைமாறும் பொம்மையோடு அடுத்த குழந்தைக்கும் போகும். பின்னொரு நாள் அவை நுரையீரலிலோ இரத்தத்திலோ புகுந்தால், வைத்தியர் கையை விரிக்க நேரும்.

இதற்காகக் குழந்தையை விலக்கி வைப்பது பேதைமை. சீட்டின்றி மருந்து விற்பதையன்றோ விலக்க வேண்டும்! நம் வைத்தியர்கள் 2012இல் சென்னைப் பிரகடனத்தில் எச்சரித்தார்கள். முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்ற 'எச்-1' விதி 2014 முதல் தேசமெங்கும் அமலில் உள்ளது. கேரள சர்க்கார் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனையே தொடங்கிற்று. அங்கே மறுக்கப்படும் மாத்திரை இங்கே கிடைக்குமாயின் அச்சோதனையும் வீண். தென்காசி ஜில்லா அதிகாரிகள் எல்லையோரக் கடைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, கண்டதை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும்.