நாற்றம் என்னும் அளவுகோல்

பழந்தமிழில் 'நாற்றம்' என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. பூவுக்கு நாற்றம் உண்டு என்று சொல்வதில் அன்று முரண் எதுவும் இருக்கவில்லை. இன்று அதே சொல் முகம் சுளிக்க வைக்கிறது. உணவு குறித்த சச்சரவுகளிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. பண்டத்தின் வாசனை மாறுவதில்லை. அது மணமா நாற்றமா என்று தீர்ப்புச் சொல்பவர் யார் என்பதே மாறுகிறது.

2007ஆம் ஆண்டில் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாநில மாணவர்களுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி போன்ற வாசனை மிகுந்த உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு நேராத வகையில் சமைக்க வேண்டும் என்று அதில் அறிவுரை இருந்தது. மாணவரின் பாதுகாப்பை முன்னிட்டு எழுதப்பட்ட நூலில் இந்த வரி இடம்பெற்றது என்பதே சிந்திக்கத்தக்கது. வெறுப்புக்கு உள்ளாகக்கூடியவரிடம், வெறுப்புக்கு இடம் கொடாமல் நடந்துகொள்ளுமாறு அரசு கேட்டுக்கொண்டது. பொறுத்துக்கொள்ளுமாறு அண்டை வீட்டாருக்கு எந்தக் கையேடும் அச்சிடப்படவில்லை.

அக்குனி என்பது நாகாலாந்தின் சூமி நாகர்கள் செய்யும் பண்டம். வேகவைத்த சோயா அவரையை இலையில் பொதிந்து அடுப்பங்கரையின் கதகதப்பில் சில நாள் வைத்தால் அது நொதிக்கிறது. நுண்ணுயிரிகள் புரதத்தைச் சிதைக்கும்போது எழும் அமோனியாவே அந்த நெடிக்குக் காரணம். பால் பொருள்கள் மரபாக அதிகம் புழங்காத மலைப்பகுதிகளில், எளிதில் செரிக்கும் புரதத்தை ஆண்டு முழுவதும் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருக்க மக்கள் கண்ட வழி இது. மணிப்பூரின் ஹவாய்ஜார், மேகாலயத்தின் துங்ரிம்பாய், சிக்கிமின் கினிமா ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானியரின் நாட்டோவும் இதற்கு உறவுதான். நாட்டோவை உடல்நலக் கட்டுரைகள் வியந்து போற்றுகின்றன. அதன் இந்திய உறவினர் வாடகை அறையிலிருந்து வெளியேற்றப்படுகிறார்.

நெடி என்பதே குற்றமானால், முதலில் கூண்டில் ஏற வேண்டியது பெருங்காயம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளையும் அந்தப் பிசினின் மணத்தைத் தாங்க முடியாத ஐரோப்பியர், அதற்குச் 'சாத்தானின் சாணம்' என்று பெயரிட்டனர். ஆனால் வெங்காயமும் பூண்டும் நுழையாத சமையலறைகளில்கூடப் பெருங்காயம் உரிமையோடு இருக்கிறது. அதை வீட்டில் காய்ச்சக் கூடாது என்று எந்த வீட்டு உரிமையாளரும் நிபந்தனை விதிப்பதில்லை. ஆக, சிக்கல் மூக்கில் இல்லை. எவருடைய சமையல் பொது, எவருடைய சமையல் விலக்கு என்ற முன்முடிவில் இருக்கிறது.

அந்த முன்முடிவை எண்கள் ஆதரிக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் இறைச்சியோ மீனோ முட்டையோ உண்பவர்கள். இராஜஸ்தானில் நான்கில் மூவர் சைவ உணவினர். தெலங்கானாவிலோ 98 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அசைவ உணவினர். இருந்தும் பெரும்பான்மைக்கு வாய்த்த பெயர் ஓர் எதிர்மறைச் சொல். இந்தியில் 'மாம்சாஹாரி' என்று நேரடியாகச் சொல்ல இயலும். தமிழில் அன்றாட வழக்கு பெரும்பாலும் 'அ' என்ற முன்னொட்டையே நாடுகிறது. சாதியை வைத்து இதை விளக்கிவிடலாம் என்றாலும் கணக்கு நேராவதில்லை. காஷ்மீரப் பண்டிதர் ஆட்டிறைச்சி உண்கின்றனர். வங்கத்திலும் மிதிலையிலும் கொங்கணத்திலும் பிராமணர் பலருக்கு மீன் அன்றாட உணவு.

தூய்மை என்று கருதப்படுவதன் வரலாறும் எளிதானதன்று. மராட்டியத்தில் விரத நாளில் அரிசியும் கோதுமையும் விலக்கப்படுகின்றன; ஜவ்வரிசிக் கிச்சடி ஏற்கப்படுகிறது. அந்த ஜவ்வரிசி பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருவது. அதனுடன் சேரும் உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பச்சை மிளகாய் ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, கடல்வழித் தொடர்புக்குப் பின்னரே இந்தியாவை அடைந்தவை. அந்நியமானது சில நூற்றாண்டுகளில் புனிதமாக முடியும் என்றால், உள்நாட்டு மலைமக்களின் உணவு ஏன் என்றென்றும் அந்நியமாகவே நிற்க வேண்டும்?

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. அருவருப்பு நடிப்பன்று, சிறு வயது முதல் உடலில் பதிந்த ஒன்று. இறைச்சி சமைத்த பாத்திரத்தில் உண்ண மாட்டேன் என்பவரின் விருப்பத்தை மதிப்பது விடுதியின் கடமை. தனிப் பாத்திரம், தனி அடுப்பு, தனிக் கரண்டி ஆகியவை அவ்விருப்பத்தை நிறைவேற்றிவிடும். ஆனால் தனி மேசை கேட்கும்போது கோரிக்கையின் தன்மை மாறிவிடுகிறது. முன்னது தன் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது பற்றியது. பின்னது அடுத்தவர் தட்டில் என்ன இருக்கக் கூடாது என்பது பற்றியது. சேர்ந்துண்ண மறுப்பது இந்நாட்டில் எதன் கருவியாக இருந்தது என்பதைச் சமூகவியல் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை.

எனவே இச்சிக்கலைப் பல்கலைக்கழகங்கள் சுவையின் பிரச்சினையாக அன்றி நிர்வாகத்தின் பிரச்சினையாக அணுகுதல் வேண்டும். உணவுக் குழுக்களில் வடகிழக்கு மாணவருக்கும் ஆதிவாசி, தலித் மாணவருக்கும் இடம் இருக்க வேண்டும். விடுதிதோறும் காற்றுப்போக்கியுடன் கூடிய ஒரு பொதுச் சமையலறை அமைப்பது பெருஞ்செலவன்று. அறிவிப்புப் பலகைகளிலிருந்து 'சுத்த' என்ற அடைமொழியை நீக்கச் செலவே இல்லை. சைவம் என்று மட்டும் எழுதினால் பொருள் குறைந்துவிடாது. எதிரே அமர்ந்து உண்பவர் அசுத்தமானவர் என்ற உட்பொருள்தான் போகும்.

பண்பாட்டு விழா நாளில் நாகர் நடனத்துக்கு மேடை தருவது எளிது. அதே மாணவர் மறுநாள் இரவு அக்குனி கொதிக்க வைக்கும்போது எவரும் கதவைத் தட்டாமல் இருந்தால்தான், 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று விழா மேடையில் சொன்னதற்குப் பொருள் இருக்கும்.