விடுவது ஒன்று, தடுப்பது ஒன்று

சாலைக்கு ஜல்லி கொட்டுமுன் ஒரு விரிப்பு போடுகிறார்கள். பண்ணைக்குட்டையிலும் ஒன்றை விரிக்கிறார்கள். இரண்டும் பிளாஸ்டிக்தான், ஆனால் வேலை நேரெதிர்.

சாலைக்கடியில் போவது ஜியோடெக்ஸ்டைல். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழையாலான துணி. தண்ணீரை விடும், மண்ணை விடாது. களிமண் தரையில் நேராக ஜல்லி கொட்டினால் வண்டிப் பாரத்தில் ஜல்லி புதையும், சேறு மேலேறும். நடுவே துணி இருந்தால் இரண்டும் கலக்காது. வெயிலில் கிடந்தால் நைந்துபோகும் என்பதால், விரித்ததும் மூடிவிட வேண்டும்.

குட்டையில் போவது ஜியோமெம்பிரேன். தண்ணீரையே தடுக்கும் தாள். குப்பையின் கழிவுநீர் நிலத்தடி நீரில் இறங்காமல் காப்பதும் இதுவே. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பும் நிலத்தின் அடியில் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) தாள் அல்லது அதற்கு ஈடானதையும், அதன்கீழ் 90 செ.மீ. களிமண் போன்ற இறுகிய மண்ணையும் கேட்டன. தாளில் ஓட்டை விழுந்தாலும் மண் கசிவைத் தாமதப்படுத்தும் என்பதே கணக்கு.

இரண்டும் சேர்ந்து உழைக்கும் இடம் ஆனைமலையில் இருக்கும் கடம்பாறை அணை. 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்துக்கான அந்த அணையில் கசிவு மிகுந்ததால், 2005-ல் கல்கட்டின் நீர்ப்பக்க முகத்தில் பி.வி.சி. ஜியோமெம்பிரேன் பொருத்தினார்கள். முரட்டுக் கல் தாளைக் குத்தாதபடி பின்னால் ஜியோடெக்ஸ்டைல். நீரேற்று நிலையத்தில் நீர்மட்டம் அடிக்கடி ஏறி இறங்கும். தாளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால், மட்டம் இறங்கும்போது அது தாளை வெளியே தள்ளும். ஆகவே பின்பக்கம் வடிகால் வசதியும் அவசியம்.

தாள் எவ்வளவு தரமானாலும் இணைப்பு மோசமென்றால் பணம் வீண். எச்.டி.பி.இ. தாள்களின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சூடேறிய கருவியால் இரண்டு இணைகோடுகளாக உருக்கி ஒட்டுவார்கள். கோடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். அதன் இரு முனைகளையும் அடைத்து, ஊசி வழியே காற்றேற்றி, அழுத்தமானியைச் சில நிமிடம் கவனிப்பார்கள். முள் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது. தேடி மறுபடி ஒட்ட வேண்டும்.

குட்டைக்குத் தாள் வாங்கும் விவசாயியும், குப்பைக் கிடங்குக்கு ஒப்பந்தம் போடும் நகராட்சியும் விலை பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது தண்ணீரை விடுவதா, தடுப்பதா? இணைப்பைக் காற்றேற்றிச் சோதித்துக் காட்டுவீர்களா?